வாசலில் விட்ட வார்த்தை

எடல்ஜி ரேஷம்வாலா விடியற்காலையில் கண்ணை மூடினார். பத்து மணிக்குள் அவரை, பார்ஸிகளின் கடைசிச் சடங்கு நடக்கிற டூங்கர்வாடி மேட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, துவைத்த பழைய வெள்ளை உடுப்பை மாட்டி, கூடத்துக் கல் பலகையில் கிடத்தியாயிற்று. பதினொரு மணிக்குள் அவருடைய அக்கா தன்மாய் அந்த இடத்துக்கே எஜமானி ஆகிவிட்டாள். தணலில் சந்தனத் துண்டை யார் போடுவது, வந்தவர்களில் யாருக்கு நாற்காலி, யாருக்குப் பெஞ்சு, எல்லாம் அவள் தீர்ப்பு. அழுவதற்குக்கூட அவளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

“போதும் குன்வர்,” என்று தம்பி மனைவியை அதட்டினாள். “நீ விடற கண்ணீரெல்லாம் அங்க ஆறாப் பெருகும். என் தம்பிதான் நீந்திக் கடக்கணும். அவனுக்கு நீச்சல் வேற தெரியாது.”

“நான் எங்க அழறேன் அக்கா? வேர்க்குது.”

உண்மைதான். குன்வர்பாய்க்கு அன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் ஒரு ஜாபிதாவே வாசிப்பாள். ஐம்பத்தெட்டு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் போன கணவர்மேல், எலுமிச்சைச் சாற்றையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர்மேல், துக்கம் கேட்க வந்துவிட்டுப் பட்டுச் சேலை விலையைப் பற்றிப் பேசுகிற பெண்கள்மேல். அந்த ஜாபிதாவின் முதல் பெயர் மட்டும் அவள் வாயில் வராது. மூன்று வருஷமாக வந்ததில்லை.

அந்தப் பெயர் தெஹ்மினா. ஒரே பெண். பத்தொன்பது வயதில், பம்பாய் முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும்படி, பாரிஸ்டர் ஹம்ஸா பார்க்கரைக் கட்டிக்கொண்டவள். பார்க்கர் கவுன்சில் மெம்பர், துறைமுகக் கூலிக்காரர்களின் தலைவர், ரத்னகிரிப் பக்கத்து முஸ்லிம், பெண்ணைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். எங்கேயோ திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டார்கள் என்றாலாவது மனசு ஆறும். அப்படியில்லையே! எடல்ஜிதான் அவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். குன்வர்பாய்தான் இலையில் சுற்றி அவித்த மீனை அவர் தட்டில் தன் கையால் வைத்தாள், இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று உபசாரம் வேறு. “இந்த மனுஷன்தான் குன்வர் நாட்டச் சரிபண்ணப் போறவர்,” என்பார் எடல்ஜி. நாட்டைச் சரிசெய்ய வந்தவர் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் பார்ஸிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் போட்டார்கள். நாற்காலி உடைகிற அளவுக்குக் கத்தினார்கள். அந்தப் பெண்ணோடு ஒட்டுறவு வைத்திருக்கிற வீட்டு வாசலை எந்தக் குருக்களும் மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். எடல்ஜி மறுநாளே பத்திரிகையில் அறிக்கை விட்டார், எனக்கு மகள் இல்லை என்று. அதோடு நின்றாரா? சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது நினைத்துக்கொண்டாற்போல் சொல்வார்: “நான் செத்தா என் முகத்தக்கூட அவ பார்க்கக் கூடாது. தலையாட்டு குன்வர்.” அவளும் ஆட்டுவாள். ஆட்டும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது அவளுக்கு இருந்த கவலையெல்லாம் அடுத்த நாலு நாளைப் பற்றியது. போனவரின் ஆவி மூன்று ராத்திரி தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும், குளிரில் நடுங்குகிற பச்சைக் குழந்தையைப்போல. நாலாம் நாள் விடியலில்தான் மறுவுலகத்துக்குப் போகிற பாலம் தாண்டும். அதுவரை அங்கே தணல் அவியக் கூடாது, ஜெபம் ஓயக் கூடாது. மகன் இல்லாதவருக்கு நாலாம் நாள் காலையில் ஒருவனைப் ‘பாலக்’ என்று எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி ஏற்க வேண்டும். வருஷா வருஷம் அவர் பெயரைச் சொல்லித் திவசம் நடத்தப் போகிறவன் அவன். தன்மாயின் மகன் ஹோர்மஸ் அதற்குத் தயாராகப் புது வெள்ளை அங்கியில் நின்றான். குருக்கள், தணல், பாலக் என்று இந்த மூன்றும் கெடாமல் எடல்ஜியை அனுப்பிவிட வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குக் கீழ் வாசல் காவல்காரன் மூச்சு வாங்க மேடேறி வந்தான்.

“பாய்சாப், வாசல்ல மோட்டார் நிக்குது. உங்க... அவங்க வந்திருக்காங்க. பாரிஸ்டரும் இருக்கார். பின்னாடியே ஒரு லாரி நிறைய ஆளுங்க. பேப்பர்க்காரங்க வேற ரெண்டு பேர்.”

“விரட்டு!” என்றாள் தன்மாய். “சாவு வீட்டுக்கு லாரியில வர்றாங்களாம் லாரியில! இதென்ன கட்சிக் கூட்டமா?”

பெரிய குருக்களான தஸ்தூர்ஜி தாடியை நீவிக்கொண்டு குன்வர்பாயைப் பார்த்தார். “அம்மா, கூட்டத்துல போட்ட தீர்மானம் ஞாபகம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு உள்ள வந்தா நாங்க வெளியில. பாதி ஜெபமா இருந்தாலும் சரி.”

“தெரியும் தஸ்தூர்ஜி. நீங்க ஆக வேண்டியதப் பாருங்க.” குன்வர்பாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “என் வயித்துல பொறந்தது. நானே விரட்டிட்டு வரேன்.”

சரிவில் இறங்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்தது கொஞ்சமா நஞ்சமா? ஆனால் கம்பிக் கதவுக்கு அப்பால் தெஹ்மி நிற்பதைப் பார்த்ததும் அடுக்கினது எல்லாம் கலைந்துபோயிற்று. வெள்ளைச் சேலை. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய நின்றாள். இவளுக்கு அங்கே யாரும் சோறு போடுவதில்லையா என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

“வந்துட்டியா? யார் சொன்னா உனக்கு?”

“பேப்பர்ல பார்த்தேம்மா. மத்தியானப் பேப்பர்ல. என் அப்பா செத்தத நான் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“நீ கல்யாணம் பண்ணிக்கிட்டத நாங்களும் பேப்பர்லதான் படிச்சோம். சரியாப் போச்சு.”

பக்கத்தில் பாரிஸ்டர் பார்க்கர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலிலும் கசங்காத கோட்டு, கண்ணாடிக்குப் பின்னால் அசையாத கண். “அம்மா, உங்க துக்கத்துல நானும்...”

“அம்மாவா? உங்களுக்கும் எனக்கும் எட்டு வயசுதான் வித்தியாசம் பாரிஸ்டர் சாஹேப். அக்கான்னு கூப்பிடுங்க, ஊர் கொஞ்சம் கம்மியாச் சிரிக்கும்.”

லாரியிலிருந்து இறங்கி நின்ற துருக்கித் தொப்பிக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் பென்சிலை எடுத்துவிட்டார்கள். பார்க்கரின் முகம் அப்படியே இருந்தது. இருபது வருஷம் கோர்ட்டில் நின்ற முகம் அல்லவா.

“ஒரே ஒரு தடவை முகத்தப் பார்த்துட்டுப் போயிடறேன்,” என்றாள் தெஹ்மி. “உங்க யார்கிட்டயும் பேசக்கூட மாட்டேன்.”

“குளிப்பாட்டினதுக்கு அப்புறம் வேத்து மதத்தார் முகம் பார்க்கக் கூடாது. மறந்துபோச்சா?”

“நான் வேத்து மதமா?”

“பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்தான். போடச் சொன்னது உன் புருஷன்.”

“அது சட்டத்துக்காக,” என்றார் பார்க்கர். “ரெண்டு மதத்துக்காரங்க கல்யாணம் பண்ணணும்னா எங்களுக்கு எந்த மதமும் இல்லைன்னு ரெண்டு பேரும் எழுதித் தரணும். நான் எழுதித் தந்தா முஸ்லிம்களுக்குன்னு ஒதுக்கின கவுன்சில் இடத்துல நான் உட்கார முடியாது. அதனால தெஹ்மி இஸ்லாத்துக்கு மாறறதாக் கையெழுத்துப் போட்டா. விருப்பத்தோடதான் போட்டா.”

“ஆக உங்க நாற்காலிக்காக என் பொண்ணு எங்க நெருப்ப விட்டுட்டா. நல்லா இருக்கு சாஹேப் உங்க சட்டம். மேடை மேடையா ஏறி, எல்லா மதமும் ஒரே வீட்டு அறைகள்னு பேசறீங்களே, என் பொண்ணுக்கு எந்த அறை குடுத்தீங்க? கொல்லைப்புறமா?”

அதோடு அவள் திரும்பி மேடேறியிருக்கலாம். விரட்டுவதற்குத்தானே வந்தாள்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பென்சில்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவளுக்கு நாக்கு ஊறிற்று. இவள் தலைகுனிய வேண்டும், இந்த மனுஷனும் கூடவே குனிய வேண்டும், அதை நாளைக்குப் பம்பாய் படிக்க வேண்டும்.

“சரிடி,” என்றாள் எல்லாருக்கும் கேட்கிற குரலில். “நீ பார்ஸிப் பொண்ணுன்னா உன் இடுப்புல கஸ்தி இருக்கணும். ஏழு வயசுல உனக்குக் கட்டிவிட்ட அந்த நூல். இருந்தா இங்கேயே, இந்த வாசல்லயே, இத்தனை பேர் முன்னாலயும் ஜெபத்தச் சொல்லி அவிழ்த்துக் கட்டிக் காட்டு. கட்டினா உன் கையப் பிடிச்சு நானே உங்க அப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன். இது குன்வர்பாய் ரேஷம்வாலா சொல்ற வார்த்தை. எழுதிக்கோங்கப்பா பேப்பர்க்காரங்களா.”

மூன்று வருஷம் ஒரு முஸ்லிம் தலைவர் வீட்டில் குடித்தனம் நடத்தினவள் இடுப்பில் கஸ்தி ஏது? கல்யாணத்தன்றே கிணற்றில் போட்டிருப்பாள். குன்வர்பாய் அதை அவ்வளவு நிச்சயமாக நம்பினாள்.

தெஹ்மி சுற்றுமுற்றும் பார்த்தாள். “கை கால் கழுவணும். கொஞ்சம் தண்ணி வேணும்.”

யாரும் அசையவில்லை. அவளே கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, தோட்டக்காரன் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். கஸ்தி இல்லாதவளுக்குத் தண்ணீர் எதற்கு?

“தெஹ்மி.” பார்க்கர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்குள்ள தினமும் கட்டற. நான் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? இங்க வேண்டாம்.”

“அப்பா நம்ம வீட்டுக்குள்ள இல்லையே. இங்கதான் இருக்கார்.”

“செவ்வாய்க்கிழமை ஓட்டு. எதிர்ல நிக்கறவன் மசூதி மசூதியா என்ன பேசறான்னு உனக்குத் தெரியாதா? என் பொண்டாட்டி இன்னும் நெருப்பக் கும்பிடறாங்கறான். பொய்னு நேத்துதான் மேடையில சத்தியம் பண்ணினேன்.”

“அவன் சொன்னது நிஜம். நீங்க பண்ணின சத்தியம்தான் பொய்.”

பார்க்கர் குன்வர்பாயின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் முதல் தடவையாக அந்த முகத்தில் கோபம் தெரிந்தது. “அக்கா, இந்த லாரியில வந்தவங்களப் பாருங்க. பதினாறு மணி நேரம் மூட்டை தூக்கறவங்க. கவுன்சில்ல இவங்களுக்காகப் பேச நான் ஒருத்தன்தான் இருக்கேன். உங்க வீட்டு வீம்புக்கு இவங்க வயித்துல அடிக்கணுமா? சொன்னத வாபஸ் வாங்குங்க.”

அந்த மனுஷன் அப்போது பொய் பேசவில்லை. குன்வர்பாய்க்கு அது புரிந்தது. வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் யாருக்காக? மீன் தின்றுவிட்டுப் பெண்ணைக் கொண்டுபோனவருக்காகவா? “சொன்னா சொன்னதுதான்,” என்றாள்.

தெஹ்மி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அரபிக் கடல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, ரவிக்கைக்கு அடியிலிருந்து மெல்ல இழுத்தாள். வந்தது கஸ்தி! ஓரம் பிரிந்து, துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகிப்போன கம்பளி நூல். இரண்டு கையிலும் மடித்துப் பிடித்து ஜெபத்தை ஆரம்பித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. தீமைக்கெல்லாம் அதிபதியான கெட்டவன் பெயர் வந்த இடத்தில் நூலைச் சொடுக்கினாள், அது காற்றில் படீரென்றது. மூன்று சுற்று சுற்றினாள், முன்னால் இரண்டு முடிச்சு, பின்னால் இரண்டு முடிச்சு. தினமும் செய்கிற கை அது. குன்வர்பாய் தன் பெண்ணைப் பார்த்துப் பயந்துபோனாள்.

லாரிக்காரர்களில் ஒரு கிழவர், “யா அல்லா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொருவன் தரையில் துப்பினான். ஒருவன் மட்டும், “அப்பன் செத்துக் கிடக்கான், விடுங்கப்பா,” என்றான். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை.

பார்க்கர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “சாயங்காலம் பத்திரிகைக்கு நான் ஒண்ணு சொல்லியாகணும் தெஹ்மி. நமக்குள்ள இனி ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்வேன். எனக்கு வேற வழியில்ல.”

“சொல்லுங்க. பேப்பர்ல படிச்சுக்கறேன்.”

அவர் மோட்டாரில் ஏறினார், வண்டி திரும்பிற்று, லாரியும் பின்னாலேயே போயிற்று. தெஹ்மி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஈரமான கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா முன்னால் நீட்டினாள். “பிடிங்க. பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே.”

குன்வர்பாய் பிடித்தாள். போலீஸ்காரன் திருடனைப் பிடிக்கிற பிடி அது.

மேலே தன்மாய் சும்மா இருக்கவில்லை. சூரியன் இறங்குவதற்குள் பிணம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் அவசரப்படுத்தி, பிரேத ஜெபத்தை முடிக்கவைத்து, வந்தவர்கள் வரிசையாகக் கடைசி முகம் பார்த்துக் கும்பிட்டும் ஆகியிருந்தது. பிணம் இரும்புப் பாடையில் இருந்தது, முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதைச் சுற்றித் தரையில் இரும்பாணியால் மூன்று கோடு கீறியிருந்தார்கள். தூக்குகிறவர்கள் தவிர யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சடங்குப்படி பிணத்தைக் கடைசியாகப் பார்க்கவைத்த நாயை ஒருவன் சங்கிலியில் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனான்.

“கூட்டிட்டே வந்துட்டியா!” தன்மாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “விரட்டறேன்னு போன வாய்தானே இது?”

“கஸ்தி கட்டியிருக்கா அக்கா. என் கண் முன்னால அவிழ்த்துக் கட்டினா. பார்த்துட்டுப் போகட்டும்.”

“நூல் சுத்திக்கிட்டா ஆச்சா அம்மா?” என்றார் தஸ்தூர்ஜி. “கூஜாவக்கூட நூலால சுத்தலாம். இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டு வெளியில போனவ. முகத்த மூடியாச்சு. மூடினது மூடினதுதான்.”

“இப்பத்தான் நாய்க்குக் காட்டினீங்க,” என்றாள் தெஹ்மி. “பெத்த பொண்ணுக்குக் காட்ட மாட்டீங்களா?”

“நாய் எதுலயும் கையெழுத்துப் போடலையேம்மா.”

பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில், பிணத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்! தன்மாய் குன்வர்பாயின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். “நல்லாக் கேட்டுக்கோ குன்வர். இவ அந்த முகத்தப் பார்த்தா தஸ்தூர்ஜி போயிடுவார். என் ஹோர்மஸ் பாலக் ஆக மாட்டான். என் தம்பி பேரச் சொல்ல ஒரு நாதி இருக்காது. மூணு ராத்திரி அநாதையா உட்கார்ந்திருப்பான். அவனே சொல்லிட்டுத்தானே போனான், அவளுக்கு முகம் காட்டாதேன்னு? நீ தலையாட்டலையா? நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்?”

குன்வர்பாய் ஆடிப்போனாள். பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அவள் பெண்ணின் கையை விட்டுவிட்டாள். பேசாமல் போய்விடு தெஹ்மி என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

அதற்குள் தெஹ்மி பேசினாள். “விடுங்கம்மா. கட்டிக் காட்டுன்னீங்க, காட்டினேன். அதுக்கு என் வீடு போச்சு. உங்க வார்த்தைய நீங்களே வச்சுக்கோங்க, அத்தைக்கு உபயோகப்படும்.” சொல்லிவிட்டுத் திரும்பி வாசலைப் பார்க்க நடந்தாள்.

செருப்பால் அடித்திருந்தாலும் குன்வர்பாய்க்கு அவ்வளவு வலித்திருக்காது. “நில்லுடி!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே முதல் கோட்டைத் தாண்டினாள். இரண்டாவதை, மூன்றாவதை. தூக்குகிறவர்கள் இருவரும் கையுறை மாட்டிய கையை நீட்டித் தடுக்க வந்தார்கள், அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டினேன்,” என்றாள் பாடையைப் பார்த்து. “தப்புதான். வேணும்னா அங்க வந்தப்புறம் என்னோட சண்டை போடுங்க.” வெறுங்கையால் துணியைப் பிடித்து நெஞ்சு வரைக்கும் இழுத்தாள். விரல் அவர் தாடையில் உரசிற்று. சில்லென்று இருந்தது.

“தொட்டுட்டா! தொட்டுட்டா!” என்று அலறினாள் தன்மாய். தஸ்தூர்ஜி மூன்றடி பின்னால் போனார். பெஞ்சிலிருந்தவர்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

தெஹ்மி கோட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பார்க்கவில்லை, ஒரு நிமிஷம் இருக்கும். “இளைச்சுட்டீங்கப்பா,” என்றாள். அப்புறம் குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். குன்வர்பாய் துணியை இழுத்து மூடினாள்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சூரியன் இறங்குவதற்குள் போக வேண்டும் என்பதால் தூக்குகிறவர்கள் பாடையை எடுத்துக்கொண்டு, பிணத்தைக் கழுகுகளுக்கு விடுகிற கோபுரத்தின் பக்கம் நடந்துவிட்டார்கள். ஆண்கள் பத்துப் பதினைந்து பேர், இருவர் இருவராக, பின்னால் போனார்கள். தஸ்தூர்ஜி புத்தகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவரோடு வந்த குருக்கள்மாரும் கிளம்பினார்கள். தன்மாய் மகனை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், அங்கிருந்து பழைய விதியையெல்லாம் தூசி தட்டி எடுத்தாள்.

“பிணத்தத் தொட்டவ! ஒன்பது ராத்திரி இவ தனியா இருக்கணும். இவ மேல பட்டா பட்டவங்களுக்கும் தீட்டு. யாரும் கிட்டப் போகாதீங்க. சமையல்காரியும் போகக் கூடாது. அந்தத் தணலத் தூக்கிட்டு வாங்கடா. குருக்கள் இல்லாத இடத்துல நெருப்பு எதுக்கு?”

கூடம் காலியாயிற்று. அம்மாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். எடல்ஜி கிடந்த கல் பலகைக்கு அந்தப் பக்கம் தணல் இன்னும் சிவப்பாக இருந்தது.

“பார்த்தாச்சா?” என்றாள் குன்வர்பாய்.

“பார்த்தாச்சு.”

“உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. மன்னிக்கல.”

“நானும் உங்கள மன்னிக்கலம்மா. கீழ வாசல்ல என்ன வச்சு வேடிக்கை காட்டினீங்களே, அதுக்கு மன்னிக்கவே மாட்டேன்.”

“சரி. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.” குன்வர்பாய் தணலைக் காட்டினாள். “எனக்குத் தீட்டு. நான் நெருப்புகிட்டப் போகக் கூடாது. குருக்கள் ஒருத்தரும் இல்ல. உங்க அப்பா இப்ப அந்தத் தலைமாட்டுலதான் உட்கார்ந்திருப்பார், மூணு ராத்திரியும் இருப்பார். ஜெபமெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கில்ல?”

தெஹ்மி அம்மாவைப் பார்த்தாள். “முழுக்க இருக்கு.”

“அப்ப போய் உட்காரு.”

தெஹ்மி பலகைக்கு அந்தப் பக்கம் போனாள். ஒரு சந்தனத் துண்டை எடுத்துத் தணலில் வைத்தாள். அதைப் பார்த்ததும் வராந்தாவில் தன்மாய் வீரிட்டாள். “அடியே, அதத் தொடாதடி! ஹோர்மஸ், போடா, போய்ப் பிடுங்கு!”

கூடத்துக்கு ஒரே கதவுதான். குன்வர்பாய் அந்த வாசற்படிக்கு வந்தாள். இரண்டு கையையும் விரித்து, இந்தப் பக்கச் சட்டத்தையும் அந்தப் பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹோர்மஸ் புது வெள்ளை அங்கியோடு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா, அவளுக்குப் பின்னால் பெஞ்சுக்காரப் பெண்கள், எல்லாருக்கும் பின்னால், அலறல் கேட்டுத் திரும்பி வந்த தஸ்தூர்ஜி.

“வாங்க அக்கா,” என்றாள் குன்வர்பாய். “என்னத் தள்ளிட்டு உள்ள போங்க. தொடுங்க பார்க்கலாம்.”

ஒருவரும் அசையவில்லை. உள்ளே தெஹ்மி தொண்டையைச் செருமிக்கொண்டு, தகப்பனார் பெயரைச் சொல்லி முதல் ஜெபத்தை ஆரம்பித்தாள்.